எங்கள் ரோபோவில் குறை கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குப் பக்கத்து வயலில், போன வெள்ளிக்கிழமை எங்கள் களையெடுக்கும் ரோபோ ஒரு முழு வரிசையை நிற்காமல் முடித்தது. ஐந்தாவது வடிவம் அது. முதல் நான்கும் சேற்றில் நின்றவை.

முதல் நன்றி லேத் பட்டறை அண்ணனுக்கு. ரப்பர் சக்கரத்தில் களிமண் அப்பி, நாலடி போவதற்குள் மோட்டார் சூடாகிவிடும். டிசைன் ரிவ்யூவுக்கு, அதாவது வடிவமைப்பைப் பார்த்துக் குறை சொல்லும் கூட்டத்துக்கு, அவரைக் கூப்பிட்டோம். வரைபடத்தை ஒரு தடவை பார்த்தவர், "டிராக்டருக்கு ஏன் கேஜ் வீல் மாட்டுறாங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார். சேற்றில் ஓட்ட மாட்டும், கூண்டு மாதிரியான இரும்புச் சக்கரம் அது. மறுநாளே கம்பியை வளைத்து ஒரு ஜோடி பற்றவைத்துத் தந்தார். கூலி வாங்கவில்லை.

அந்த உற்சாகத்தில் சக்கரத்தோடு கியரையும் சேர்த்து மாற்றிவிட்டோம். வண்டி நகர்ந்தது, எதனால் நகர்ந்தது என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் சீனியர் அக்கா பழைய கியரையே திரும்ப மாட்டவைத்து, மறுபடி ஓட்டச் சொன்னார். இரண்டு நாள் போனது, எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அன்றிலிருந்து ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம்தான். என்ன பார்த்தோம், எதை மாற்றுகிறோம், யார் பொறுப்பு என்று நோட்டில் எழுதாமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை. அக்கா, அந்த இரண்டு நாளுக்குத்தான் உங்களுக்குப் பெரிய நன்றி.

களையெடுக்க வந்த அக்காமார்களே, உங்களுக்கு எப்படிச் சொல்வது! வரிசைக்கு வரிசை 25 செ.மீ. என்று அளந்துதான் செய்திருந்தோம். உங்களில் ஒருவர் சக்கரத் தடத்துக்குப் பக்கத்தில் தன் காலை வைத்துக் காட்டினார்: "பயிரு நட்ட கை கோணலாத்தான் போகும் தம்பி. நாங்க பாத்துப் பாத்து கால வைப்போம், இதுக்குக் கண்ணு எங்க?" கேமராவைத் தாழ்த்தி முன்னால் கொண்டுவந்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். எங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தில் இன்னும் சேறு ஒட்டியிருக்கிறது.

பயிர் மிதிபட்டும் முகம் சுளிக்காமல் வயலைக் கொடுத்த பெரியப்பாவுக்கும், சாயங்காலம் ஆய்வகச் சாவியை நம்பிக் கொடுத்த ஆசிரியருக்கும் எங்கள் வணக்கம்.

வரிசை முடிந்ததும் வண்டியைத் திருப்பக் கையால்தான் தூக்குகிறோம். அடுத்த ரிவ்யூ புதன்கிழமை சாயங்காலம், அதே வரப்பில். எல்லோரும் வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அணியின் சார்பில்