போர்த் தீர்மானமும் தேர்தல் தேதியும்: அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களே,

2003இல் தொடங்கிய இராக் போர் என்று பேச்செடுத்தாலே உங்களில் பலர் பழியை அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ் மீதும் உளவு அமைப்பான சிஐஏ மீதும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்ற உளவுத் தகவல் தப்பு, சரி. ஆனால் அந்தப் போருக்குப் பாதை போட்டதில் உங்கள் இரண்டு சபைகளுக்கும் பெரிய பங்கு உண்டு, அதுவும் உள்ளூர் ஓட்டுக் கணக்கைப் பார்த்துப் போட்ட பாதை.

1991 வளைகுடாப் போருக்குப் பிறகு இராக் அதிபர் சதாம் உசேனைக் கட்டுக்குள் வைத்திருந்தது ஐ.நா. பொருளாதாரத் தடை, ஆயுத ஆய்வாளர்கள், வடக்கிலும் தெற்கிலும் இராக் விமானங்கள் பறக்கத் தடை. அந்தப் பொருளாதாரத் தடையால் சாதாரண இராக்கியர்கள் பட்ட பாட்டை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஆயுத விஷயத்தில் அந்த ஏற்பாடு வேலை செய்தது. அண்டை நாடுகளைத் தாக்கும் பலம்கூட சதாமிடம் இல்லை என்று 2001 பிப்ரவரியில் கெய்ரோவில் நின்று சொன்னவர் உங்கள் அன்றைய வெளியுறவு அமைச்சர் காலின் பவல்தான். போருக்கு அப்புறம் உங்கள் ஆட்களே சல்லடை போட்டுத் தேடி 2004இல் கொடுத்த அறிக்கையும் பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்றுதான் சொன்னது.

ஆனால் இதைச் சொல்லி யார் ஓட்டுக் கேட்பது? 'ஏழு வருஷமாக ஆளை அசையவிடாமல் வைத்திருக்கிறோம்' என்றால் மேடையில் எடுபடாது, எதிர்த்து நிற்பவர் கோழைப் பட்டம் கட்டிவிடுவார். அதனால்தான் 1998 அக்டோபரில் சதாமை அகற்றுவதே கொள்கை என்று இராக் விடுதலைச் சட்டம் போட்டீர்கள். பிரதிநிதிகள் சபையில் 360-38, செனட்டில் எதிர்ப்பே இல்லை. பதவிநீக்க விசாரணையில் சிக்கியிருந்த அன்றைய அதிபர் கிளிண்டனும் கையெழுத்துப் போட்டார். படை அனுப்பும் எண்ணம் அன்று யாருக்கும் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை, சும்மா வீரமாகப் பேச ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒத்துழைத்தாலும் பதவி போகும் என்று ஆகிவிட்ட பிறகு சதாம் ஆய்வாளர்களுக்கு எதற்குக் கதவைத் திறக்க வேண்டும்? நான்கு வருஷம் கழித்து வந்த போர்த் தீர்மானமும் இந்தச் சட்டத்தையே ஒரு காரணமாகக் காட்டியது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். குவைத்திலிருந்து இராக்கை விரட்டும் போருக்கு, அன்று அதிபராக இருந்த அப்பா புஷ் 1990 நவம்பர் காங்கிரஸ் தேர்தல் முடியும்வரை பொறுத்திருந்து, 1991 ஜனவரியில்தான் ஓட்டெடுப்புக்கு வந்தார். செனட்டில் 52-47, உண்மையிலேயே விவாதம் நடந்தது. மகன் புஷ் கேட்டது 2002 அக்டோபரில். நவம்பர் 5 அன்று காங்கிரஸ் தேர்தல். செனட்டில் 77-23. இராக்கின் ஆயுதங்கள் பற்றிய 92 பக்க உளவு மதிப்பீட்டை முழுசாகப் படித்த செனட்டர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்று பின்னால் செய்தி வந்தது. படித்த செனட்டர் பாப் கிரஹாம் எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

பயந்து ஆதரித்தவர்களாவது தப்பித்தார்களா? வியட்நாமில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்த ஜார்ஜியா மாநில செனட்டர் மேக்ஸ் கிளீலண்ட் தீர்மானத்தை ஆதரித்தும், பின்லேடன், சதாம் படங்களைக் காட்டி அவருடைய உறுதியைச் சந்தேகித்த விளம்பரம் ஓடியது. தோற்றும் போனார்.

நான் கேட்பது இதுதான். தேர்தலுக்கு முன் போர்த் தீர்மானம் வந்தால், நாடு நேரடியாகத் தாக்கப்பட்டால் தவிர, ஓட்டெடுப்பைத் தேர்தலுக்குப் பின் வைக்க ஒரு விதி கொண்டுவாருங்கள். அவசரம் என்று சொல்வார்கள். 2002இலும் அப்படித்தான் சொன்னார்கள், ஆனால் முதல் குண்டு விழுந்தது 2003 மார்ச்சில்.