ஞாயித்துக்கிழமை பக்தி மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்க ராயபுரம், காசிமேடு பக்கம் சர்ச்சுக்கு பஞ்சமே இல்ல, ஞாயிறு காலைல வெள்ளை சட்டை, கையில பைபிள், ஸ்தோத்திரம் பிரதர்னு தெருவே களைகட்டும், நல்லதுதான், ஆனா மறுநாள் மீன்கூடை தூக்குற அம்மாகிட்ட கூலில பத்து ரூபா குறைச்சுக்கோன்னு மல்லுக்கட்டுறதும் அதே ஆளுங்கதான். சாப்பாடு இல்லாதவன்கிட்ட சமாதானமா போ, பசியாறுன்னு வாயால சொல்லி என்ன பிரயோஜனம்னு யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்துல கேட்டிருக்கு, இத மட்டும் யாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வைக்க மாட்டாங்க, ஆசீர்வாத வசனம்னா டெய்லி வரும்!

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்தப்போ மீனவங்களே பக்கெட்டால அள்ளுனாங்க, படகு, வலை எல்லாம் ஒரே கறுப்பு பிசுக்கு, அதுவும் கிறிஸ்மஸ் மாசத்துல. அந்த மாதிரி நேரத்துல ஜெபம் பண்ணா மட்டும் வலை சுத்தமாகிடுமா? ஜெபம் வேணாம்னு சொல்லல, கூடவே கையும் நீளணும்.

வர்ற கிறிஸ்மஸுக்கு சீரியல் லைட் செலவுல பாதிய வலை வாங்கவோ ஸ்கூல் ஃபீஸுக்கோ குடுக்கலாம்னு எங்க சபை கமிட்டில கேக்கப்போறேன், மத்த சபைக்காரங்களும் கொஞ்சம் பேசுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராயபுரம்