மேசைய அளந்துட்டு ஸ்பீக்கர் வாங்குடா

மச்சான்,

பசியாறிட்டியா? உன் மெசேஜ் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு கோவிச்சுக்காத. இந்த மாசம் பூரா நைட் ஷிப்ட், காலையில பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிலேர்ந்து வந்து படுத்தா சாயந்தரம்தான் கண்ணு தொறக்குது. அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவல, ஆனா லிப்ட் கெட்டுப்போற அன்னிக்கு நாள் முழுக்க வீட்டுக்குள்ளதான், சன்னல்லேர்ந்தே காய்கறி லாரிக்காரன்கிட்ட பேரம் பேசறாங்க. பெரியவ ஃபார்ம் சிக்ஸ் படிக்கறா. சின்னவன் மிருதங்கம் கத்துக்கறான், அவன் கதைய தனியா சொல்லணும், ஏன்னா உன் ஸ்பீக்கர் கேள்விக்கும் அவனுக்கும் சம்பந்தம் இருக்கு.

நீ கேட்டது என்னா, வீட்லயே கணக்கு வேலை பாக்கறேன், நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி, பாட்டு கேக்க நல்லதா ஒரு ஸ்பீக்கர் சொல்லு, உன் மருமவன் யமாஹா எச்எஸ்5 வாங்க சொல்றான், வாங்கலாமா வேணாமான்னுதானே. சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நான் எப்படி ஏமாந்தேன்னு கேளு, அது தெரிஞ்சா உனக்கு பாதி காசு மிச்சம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரு மால்ல, கடை பேரு வேணாம், ஒரு செட்டு வாங்கினேன். ரெண்டு குட்டி ஸ்பீக்கர், கீழ வைக்க தும் தும்னு அடிக்கற சப்வூஃபர் பொட்டி ஒண்ணு, நீல லைட்டு மின்னும், பொட்டி மேல பெருசா 1200 வாட் பிஎம்பிஓன்னு போட்டிருந்தான். நானும் ஃபேக்டரியில எலக்ட்ரானிக்ஸ் லைன்ல இருக்கறவன், வெக்கக்கேடு, அந்த நம்பர பாத்து மயங்கிட்டேன். பிஎம்பிஓன்றது ஒரு நொடியில துக்கடா நேரம் எகிறுற சக்திய எப்படியோ கூட்டிப் பெருக்கி போடற விளம்பர நம்பர், அதுக்கு ஒரு பொதுவான அளவு முறையே கிடையாது. பாக்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது விடாம தொடர்ந்து குடுக்கற சக்தி. அதே கடையில யூஎஸ்பி வயர்ல மட்டும் ஓடற குட்டி ஸ்பீக்கர் மேலயும் நூறு இருநூறு வாட்னு போட்டிருந்தான், சாதா யூஎஸ்பி 2.0 ஓட்டைல 5 வோல்ட், அரை ஆம்பியர், பெருக்கினா ரெண்டரை வாட், அவ்வளவுதான் கரண்டே வருது, இருநூறு எங்கேர்ந்து வரும், அவன் பாட்டி வீட்லேர்ந்தா?

சரி, வீட்டுக்கு கொண்டாந்து போட்டேன், முதல் நாள் நல்லாதான் இருந்துச்சு, தும் தும்னு நெஞ்சுல இடிக்குது, ஆஹான்னேன். ரெண்டாவது வாரம் கீழ் வீட்டு அங்கள் வந்து கதவ தட்டி தம்பி என் அலமாரி கண்ணாடி ஆடுதுன்னாரு. அது கூட பரவால்ல. சின்னவன் மிருதங்க கச்சேரி ஒண்ண போட்டு கேட்டுட்டு இருந்தவன், அப்பா இதுல கும்கியே கேக்கலன்னான். எனக்கு கும்கின்னா என்னான்னே தெரியாது. அவன் மிருதங்கத்த எடுத்து மடில வச்சு காட்டினான். இடது பக்கம் தொப்பி, ரவை பிசைஞ்சு நடுவுல அப்பியிருப்பாங்கல்ல, அதுல ஒரு தட்டு தட்டிட்டு மணிக்கட்டு பக்கத்த தோல் மேல அழுத்தி தள்றான், சத்தம் கீழேர்ந்து மேல வழுக்கிட்டு போவுது, "கு...ம்ம்ம்"னு ஒரு கெஞ்சல் மாதிரி. அப்பறம் அதே எடத்த ஸ்பீக்கர்ல போட்டான். தும். அவ்வளவுதான். வழுக்கலும் இல்ல கெஞ்சலும் இல்ல, எல்லா அடியும் ஒரே தும். மேசைக்கு அடியில மூலையில கெடந்த அந்த பொட்டிக்கு ஒரே ஒரு சுரம்தான் தெரியும், எது வந்தாலும் அதயே பாடிட்டு இருந்திருக்கு. இன்னொரு கூத்து, மேல இருக்கற குட்டி ஸ்பீக்கரால கீழ் சுரத்த தூக்க முடியாது, அதனால ஆம்பளக் குரலோட அடிப்பாகம் எல்லாம் சப்வூஃபர்க்கு போயிடுது, பாடகர் தலை மேசை மேல, வயிறு மேசைக்கு அடியில. ஒருவாட்டி இது காதுல பட்டுடுச்சுன்னா அப்பறம் விடாது மச்சான்.

அதனாலதான் சொல்றேன், வாட்ட பாக்காத. நீ ஸ்பீக்கர்லேர்ந்து ரெண்டடி, மூணடிலதான் ஒக்காந்திருக்க, அந்த தூரத்துக்கு ஒரு வாட் ரெண்டு வாட்டே காதுக்கு நெறைய. வாட்ட ரெண்டு மடங்காக்கினா ஏறுறது 3 டெசிபல்தான், கொஞ்சூண்டு சத்தம் கூடும். நீ பாக்க வேண்டியது உன் மேசைய. டேப் எடுத்து அள. போட்டோ அனுப்பினியே, நாலடி மேசை, செவுத்த ஒட்டி போட்டிருக்க, நடுவுல பெரிய மானிட்டர், இடது பக்கம் அலமாரி.

இப்ப எச்எஸ்5க்கு வரேன். நல்ல சாமான், அதுல சந்தேகமே இல்ல, பாட்டு ரெக்கார்ட் பண்றவங்க வச்சிருக்கறது, முன்னாடி அதிர்ற அந்த வட்டம், கோன்னு சொல்வாங்க, வெள்ளையா இருக்கும் பாத்திருப்ப, 1978ல யமாஹா விட்ட என்எஸ்10 ஞாபகமா வச்ச வெள்ளை. (அந்த என்எஸ்10 வீட்ல பாட்டு கேக்கறவங்களுக்குன்னு செஞ்சது, ஸ்டுடியோக்காரங்க எடுத்துட்டு போயி அவங்க சொத்தாக்கிட்டாங்க.) ஆனா ஒண்ணொண்ணும் 28 சென்டிமீட்டர் ஒசரம், 22 சென்டிமீட்டர் ஆழம், அஞ்சு கிலோவுக்கு மேல. காத்து போற ஓட்டை பின்னாடி இருக்கு. உன் மேசைல வச்சா அந்த ஓட்டை செவுத்துக்கு முத்தம் குடுக்கும், கீழ் சத்தம் வீங்கிடும். பின்னாடி ரூம் கண்ட்ரோல்னு ஒரு சுவிட்ச் இருக்கு, 500 ஹெர்ட்ஸுக்கு கீழ 2 இல்ல 4 டெசிபல் கொறைக்கலாம், அது கொஞ்சம் உதவும், ஆனா அலமாரி பக்கத்து ஸ்பீக்கர் ஒரு மாதிரியும் அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் வேற மாதிரியும் பாடறத சுவிட்ச் சரி பண்ணாது. இன்னொண்ணு, அத தனித்தனியாதான் விக்கறாங்க, ஒண்ணு விலைய பாத்து ஜோடின்னு நெனச்சுடாத. லேப்டாப் வயர் நேரா சொருகற சின்ன ஓட்டையும் அதுல இல்ல, சத்தம் கூட்டற குமிழு பின்னாடி ஒவ்வொண்ணுலயும் தனியா இருக்கு. போன் வந்தா சத்தத்த கொறைக்க ஸ்பீக்கருக்கு பின்னாடி கைய விடுவியா? லேப்டாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டற ஆடியோ இன்டர்ஃபேஸ்னு ஒரு பொட்டி தனியா வாங்கினாதான் வசதி. மருமவன் பாட்டு மிக்ஸ் பண்றான், அவனுக்கு அது சரி. உனக்கு அது இல்லடா.

நான் இப்ப வச்சிருக்கறது எடிஃபையர் ஆர்1280டி, மரக்கலர் பொட்டி, 4 இன்ச் கோன், ரெண்டும் சேத்து 42 வாட் ஆர்எம்எஸ். வலது பொட்டிலதான் சத்தத்த பெருக்கற ஆம்ப் எல்லாம், பக்கவாட்டுல மூணு குமிழு, இடதுக்கு ஒரு வயர் மட்டும் போவுது. காத்து ஓட்டை முன்னாடி இருக்கறதால செவுத்த ஒட்டி வச்சாலும் அவ்வளவா அடம் புடிக்கல. பேஸ் கிட்டார்ல அடி நரம்பு 41 ஹெர்ட்ஸ், அந்த ஆழம் 4 இன்ச்சுல முழுசா வராது, அத ஒத்துக்கறேன், ஆனா வர வரைக்கும் ஒழுங்கா வருது, கும்கி வழுக்குது, சின்னவன் தலையாட்டிட்டான். உன் மேசைக்கு இந்த சைஸ்தான். இன்னும் எடம் வேணும்னா கிரியேட்டிவ் பெபிள், ரெண்டு இன்ச்சுதான், ஆனா கோன் 45 டிகிரி மேல பாத்து இருக்கும், உன் காத நேரா பாக்கும், அந்த யோசனைக்கே கும்பிடு போடலாம். ஞாபகம் இருக்கா, ஸ்கூல்ல கம்ப்யூட்டர்ல சத்தம் வர வைக்கற சவுண்ட் பிளாஸ்டர் கார்டு வச்சிருக்கறவன் வீட்டுக்கு கேம் வெளாட போவோமே, அதே கம்பெனிதான், அந்த கம்பெனிய ஆரம்பிச்ச சிங்கப்பூர் சிம் வோங் ஹூ 1989ல விட்ட கார்டு அது. மனுசன் 2023ல போயிட்டாரு.

எத வாங்கினாலும் மேசை மேல வெறுமனே வைக்காத. மேல் சத்தம் பாடற குட்டி கோன், ட்வீட்டர், உன் தொப்பைய பாத்து பாடும், மேல் சத்தம் நேரா போற சத்தம், காதுக்கு வராது. மேசைலயும் பட்டு திரும்பி வந்து கொழப்பும். நான் ரெண்டு செங்கல் எடுத்து துணி சுத்தி, அதுக்கு மேல சின்னவனோட அறுந்துபோன சிலிப்பர நாலு துண்டா வெட்டி வச்சு, முன் பக்கத்த ஒரு விரக்கட தூக்கி விட்டிருக்கேன். வீட்டுக்காரி பாத்துட்டு, வீட்டுக்குள்ள செருப்பா, அதுவும் சாமி பாட்டு கேக்கற எடத்துலயான்னு கத்தினா, அப்பறம் பழைய யோகா பாய வெட்டி மாத்திட்டேன். கீழ் வீட்டு அங்களும் இப்ப தொந்தரவு இல்லன்றாரு. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ அதே தூரம் உன் தலைக்கும் இருக்கணும், முக்கோணம் மாதிரி, முகத்த உன் பக்கம் திருப்பி வை. சரியா அமைஞ்சா பாடறவங்க மானிட்டருக்கு நட்டநடுவுல ஒக்காந்து பாடுவாங்க, அங்க ஸ்பீக்கரே இருக்காது. அந்த அலமாரிய நகத்த முடியலன்னா மேசைய நகத்து.

வாங்கினதும் ஙொய்ய்ன்னு ஒரு சத்தம் வந்தா பயப்படாத. எனக்கு வந்துச்சு, ஸ்பீக்கர் போச்சுன்னு நெனச்சு கடைக்கு தூக்கிட்டு போக பைல போட்டுட்டேன், அப்பறம்தான் லேப்டாப் சார்ஜர உருவி பாத்தேன், சத்தம் செத்துடுச்சு, மாட்டினா உசுரு வந்துடுச்சு. எர்த் வழியா கரண்ட் சுத்துறதுதான் காரணம். முதல்ல ரெண்டயும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல போட்டு பாரு, அப்பயும் அந்த சத்தம் போகலன்னா கிரவுண்ட் லூப் ஐசலேட்டர்னு கட்டவெரல் அளவு பொட்டி, உள்ள குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், ஆன்லைன்ல இருபது முப்பது வெள்ளிக்கு கெடைக்கும், வயருக்கு நடுவுல மாட்டு. எவனாவது பிளக்குல எர்த் பின்ன எடுத்துடுன்னு சொன்னா அவன்கூட சாவகாசமே வேணாம்.

கேஎல் லோயாட் பிளாசாவுக்கு போயி கேட்டு பாத்து வாங்கு, ஆனா அந்த எரைச்சல்ல எல்லாம் நல்லாதான் கேக்கும், உனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே பாட்ட போன்ல வச்சுட்டு போயி சத்தத்த கொறைச்சு கேளு. மெதுவா வச்சா நல்லா பாடறதுதான் நல்ல ஸ்பீக்கர், கத்தறப்ப எல்லாரும் வீரன்தான். பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் சனி ஞாயிறு சந்தைல பழைய சாமான் பாத்தா கோன் ஓரத்த வெரல்ல தொட்டு பாரு, ஃபோமா இருந்தா விட்டுடு. நம்ம ஊரு புழுக்கத்துக்கு அது தங்காது. எங்கப்பா வச்சிருந்த பெரிய பொட்டிய போன மாசம் தொறந்தேன், ஓரம் பூரா மாவா கொட்டிடுச்சு, கருப்பட்டி தூள் மாதிரி ஒட்டுது வெரல்ல. ரப்பர் ஓரம்னா பயமில்ல.

அந்த பொட்டி பக்கத்துலயே ஒரு பிஸ்கட் டின்னு இருந்துச்சு, உள்ள கேசட்டு. நிபோங் திபால் தோட்டத்துல லயத்து வீட்ல நம்ம ரெண்டு பேரும் ரேடியோ முன்னாடி டேப்ப வச்சு மூச்சு விடாம பாட்டு புடிப்போமே, அதுல ஒண்ணு. நம்ம தமிழ் ரேடியோதான், இப்ப மின்னல் எஃப்எம், அப்ப ரேடியோ 6. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், உனக்கு அனுப்பறேன். பூரா இரைச்சல்தான், லேப்டாப்லயே கேட்டுடாத, ஸ்பீக்கர் வந்தப்பறம் ராத்திரில மெதுவா வச்சு கேளு. மூணாவது நிமிஷம் தாண்டி பாட்டு எறங்கற எடத்துல, தூரத்துல, உங்கம்மா உன் பேர சொல்லி கோப்பி ஆறுதுடான்னு கூப்புடறாங்க. ரெண்டு தடவ. நான் இத்தன வருஷத்துல அத கேட்டதே இல்ல.

மேசை அளவ அனுப்பு. தைப்பூசத்துக்கு வரியா இல்லயான்னும் சொல்லு, அம்மா கேட்டுட்டே இருக்காங்க.

உன் கூட்டாளி,
ஜெலுத்தோங்லேர்ந்து