டச்பேட் ஓடலைன்னா கையைக் குத்தம் சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க வாசகர் பக்கத்துல ஒரு அன்பர் எழுதியிருந்தாரு, தேயிலைத் தோட்டப் பகுதிக்கு நன்கொடையா வர்ற லெப்டொப்பெல்லாம் மூலையில தூசி பிடிச்சுக் கெடக்குது, நம்ம ஆளுங்களுக்கு டச் பண்ணத் தெரியல, பயப்படுறாங்க, முதல்ல அவங்களைப் பழக்கணும்னு. நல்ல எண்ணத்துலதான் எழுதியிருக்காரு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா நான் ஹட்டன் பக்கம் கொம்பியூட்டர் ரிப்பேர் பண்ணுற ஆளு, இந்த டச்பேட், அதான் லெப்டொப் கீபோர்டுக்குக் கீழ விரலால தடவுற தகடு, அதைப் பத்தின முறைப்பாடு கேட்டுக் கேட்டு காது புளிச்சவன், அதனால சொல்றேன், நெறைய நேரத்துல பயமும் காரணம் இல்ல பழக்கமும் காரணம் இல்ல, அந்தச் சாமானுக்கு நம்ம கை மேல இருக்குறதே தெரியறதில்ல.

டச்பேட் நம்ம அமுக்குறதைத்தான் உணருதுன்னு பலபேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அதனாலதான் திரையில அம்பு நகரலைன்னா இன்னும் பலமா அழுத்துறாங்க, சிலபேர் அழுத்துற அழுத்துல கீழ இருக்குற பட்டனே உள்ள போயிடுது, அப்புறம் எங்கிட்ட கொண்டுவர்றாங்க. அம்பை நகத்துறதுக்கு அழுத்தம் ஒரு கணக்கே இல்ல. அந்த வழவழப்பான தகட்டுக்கு அடியில குறுக்கும் நெடுக்குமா மெல்லிசான உலோகக் கோடுங்க ஓடுது. ஒரு பக்கக் கோட்டுல சின்னச் சின்ன மின்துடிப்பை அனுப்பி, குறுக்க போற கோட்டுல எவ்வளவு வந்து சேருதுன்னு ஒரு சிப் செக்கனுக்குப் பல தடவை அளந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு கோடும் ஒன்னை ஒன்னு தொடாது, ஆனா ஒன்னுக்கு மேல ஒன்னு போற எடத்துல கொஞ்சம் மின்னேற்றம் தேங்கி நிக்கும், ஏ.எல். பௌதிகம் படிக்கிற புள்ளைங்க கொள்ளளவம்னு சொல்லுவாங்களே அதுதான். நம்ம ஒடம்புல இருக்குறது உப்புத்தண்ணி, அது மின்சாரத்தைக் கடத்தும், அதனால விரல் கிட்ட வந்தா அந்த மின்புலத்துல ஒரு பங்கை விரல் தன் பக்கம் இழுத்துக்கிடும், எந்த எடத்துல அளவு கொறைஞ்சதுன்னு பார்த்துதான் சிப் அம்பை நகத்துது. கொறையிறது எவ்வளவுன்னு நெனைக்கிறீங்க? ஒரு பிக்கோபரட்டை விடக் கம்மி. கொள்ளளவத்தை அளக்குற அலகு பரட், அந்த ஒரு பரட்டை லட்சம் கோடி பங்கா போட்டா அதுல ஒரு பங்குக்குப் பேருதான் பிக்கோபரட். அவ்வளவு நுணுக்கமான கணக்கு.

இப்ப கொழுந்து எடுக்குற கையை எடுத்துக்குங்க. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காய்ச்சுப்போயி, வெடிச்சு, கறை ஏறி இருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறவங்க உள்ளங்கையைக் கேக்கவே வேணாம். அப்படித் தடிச்சுப்போன மேல்தோல் உசிரில்லாத தோல், அதுல ஈரம் இல்ல, அதனால விரலுக்குள்ள இருக்குற ஈரமான சதைக்கும் அடியில இருக்குற கோட்டுக்கும் நடுவுல அது ஒரு தடுப்பா நின்னுடுது, கையுறை போட்டுக்கிட்டு தடவுற மாதிரிதான். ஏற்கனவே துளியூண்டு மாற்றம், அதுலயும் பாதியை இந்தத் தோல் முழுங்கிட்டா சிப்புக்கு விரல் வந்ததா இல்லையான்னே பிடிபடாது. நுவரெலியா 1868 மீட்டர் ஒசரத்துல இருக்கு, தை மாசக் குளிருல பனி கொட்டுற நேரம் கொழுந்தே கருகிப்போகும், விரல் என்ன கதி ஆகும்? இன்னும் காஞ்சு வெடிக்கும்.

எங்க பக்கத்துத் தோட்டத்துல பென்ஷன் வாங்கின ஒரு அம்மாயி, மகன் கட்டார்ல, பேத்தியோட லெப்டொப்புல அவர்கூட வீடியோ கோல் கதைக்கணும்னு ஆசை, பேத்தி ஸ்கூல் போயிட்டா தனியா எடுக்க முடியல. என் கடைக்கு வந்து ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டி "தம்பி, என் கை செத்துப்போச்சாப்பா"ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. விரல் நுனியில வாயால ஊதிட்டு தொடுங்க அம்மாயின்னேன், லேசா ஈரம் பட்ட ஒடனே அம்பு ஓடுச்சு. ஒரு மவுஸ் கொடுத்துவிட்டேன், அதுக்கப்புறம் ஊதவும் தேவையில்ல.

ஈரம் நல்லதுன்னா நம்ம ஊரு மழைக்கும் மூடுபனிக்கும் டச்பேட் பிரமாதமா ஓடணுமேன்னு கேப்பீங்க. அங்கதான் கூத்து. விரல் லேசா ஈரமா இருந்தா நல்லது, தகடு ஈரமானா கெட்டது. தண்ணித் துளி மேல நின்னா சிப் அதையும் ஒரு விரல்னு எடுத்துக்கிடும், அம்பு தன்பாட்டுல தாவும். வெளிக்குளிருல இருந்து கொண்டுவந்து அடுப்படிச் சூட்டுல வச்சா தகடு வேர்க்கும், அந்த நேரத்துல ஒன் பண்ணினா அந்த ஈரத்தோட அளவையே வெறும் தகட்டோட அளவுன்னு அது பதிஞ்சுக்கிடவும் கூடும், பொறவு காஞ்சதும் கணக்கு பிசகும். தொடச்சு, பத்து நிமிஷம் விட்டுட்டு ஒன் பண்ணுங்க.

இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல. டைப் அடிக்கும்போது உள்ளங்கை தெரியாம பட்டா அம்பு ஓடக்கூடாதுன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. படுற எடம் அகலமா இருந்தா அது உள்ளங்கை, விட்டுரு, அப்படின்னு மென்பொருளே முடிவு எடுக்கும். மம்பட்டி பிடிச்சு தட்டையாப் போன பெருவிரலை சப்புனு வச்சா அதையும் உள்ளங்கைன்னு ஒதுக்கிடும். விண்டோஸ் 10லயும் 11லயும் செட்டிங்ஸ் உள்ள டச்பேட் பகுதியில உணர்திறன்னு ஒன்னு இருக்கு, அதை ஆகக் கூடினதுல வைங்க, பெரும்பாலான புது லெப்டொப்புல இந்தப் பிரச்சினை கொஞ்சம் தணியும். சில பழசுல அந்த ஒப்ஷனே காட்டாது.

கீபோர்டுல பாருங்க, இந்தத் தொல்லை ஒன்னுமே கெடையாது. சாதாரண கீபோர்டுக்குள்ள மூணு பிளாஸ்டிக் தாள், மேலயும் கீழயும் மை மாதிரி அச்சடிச்ச மின்கோடு, நடுத்தாள்ல ஓட்டை. பட்டனை அமுக்கினா றப்பர் குமிழ் அமுங்கி மேல்தாளும் கீழ்த்தாளும் அந்த ஓட்டை வழியா ஒட்டும், சுத்து பூர்த்தியாகும், எழுத்து விழும். காஞ்ச கையா, ஈரக் கையா, நகமா, பேனாப் பின்பக்கமான்னு அது கேக்காது. அதுக்காக கொள்ளளவம் அளக்குற முறையே தப்புன்னு நான் சொல்ல வரல. 1981ல ஐபிஎம் தன்னோட முதல் பிசிக்கு கொடுத்த கீபோர்டே கொள்ளளவம் அளக்குறதுதான், ஜப்பான்ல டோப்ரே கம்பனியும் அந்த மாதிரி செய்யுது, இன்னைக்கும் டைப் அடிக்கிறவங்க தேடி வாங்குறாங்க. வித்தியாசம் எங்கன்னா அந்தக் கீபோர்டுல பட்டனுக்கு அடியில இருக்குற பாகம் எறங்குறதை அளக்குறாங்க, டச்பேட்ல நம்ம தோலையே அளவுக்குள்ள இழுத்துட்டாங்க. என் தோலை ஒரு பாகமா போட்டு மெஷின் செஞ்சா எந்தத் தோலுக்காகச் செஞ்சாங்கன்னு கேக்குறதுக்கு எனக்கு உரிமை இருக்குதானே.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இதே கொள்ளளவ முறையில ஓடுற தொடுதிரை ஆரம்பத்துல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வந்ததே இல்ல, 1965ல ஈ.ஏ. ஜோன்சன்னு ஒருத்தரு இங்கிலாந்து மால்வேர்ன்ல ராடார் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து இதைப் பத்தி எழுதினாரு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு உதவும்னு. லெப்டொப்புக்குள்ள டச்பேட் பரவலா வந்தது 1994ல அப்பிள் பவர்புக் 500க்குப் பொறவு. ஆனா இப்ப நம்ம ரெண்டு மூணு விரலால தடவுறோமே, அந்த வித்தைக்குப் பின்னால வெய்ன் வெஸ்டர்மன்னு அமெரிக்காவுல டெலவெயர் பல்கலைக்கழகத்துல படிச்ச ஒருத்தரு இருக்காரு, அவருக்கு டைப் அடிச்சு அடிச்சு கையில தீராத வலி, பட்டனை அமுக்கவே வேணாம் தொட்டாலே எழுத்து விழுற மாதிரி ஒரு பலகை செய்யணும்னு எறங்கினாரு, 1998ல ஜோன் எலியஸோட சேந்து பிங்கர்வேர்க்ஸ்னு கம்பனி போட்டாரு, 2005ல அப்பிள் அதை வாங்குச்சு, 2007ல ஐபோன் வந்துச்சு. நொந்த கைக்காகச் செஞ்ச சாமான், ஒழைச்சுக் காய்ச்ச கையை அடையாளம் தெரியாம நிக்குது. அவரைக் குத்தம் சொல்லல, அவரு கொழுந்து எடுக்குற கையைக் கண்டிருக்கப் போறதில்ல.

இனி நான் ரொம்ப நாளா எழுதணும்னு நெனைச்ச விஷயம், எர்த். லெப்டொப்பை சார்ஜர்ல போட்டா மட்டும் அம்பு துள்ளுது, கழட்டினா ஒழுங்கா ஓடுதுன்னு எத்தனையோ பேர் வர்றாங்க, சிலபேர் வேற கடையில டச்பேடையே மாத்திட்டு வர்றாங்க, மாத்தியும் துள்ளுது. சார்ஜருக்குள்ள 230 வோல்ட் பக்கத்துக்கும் லெப்டொப்புக்குப் போற பக்கத்துக்கும் நடுவுல ஒரு சின்ன கொள்ளளவி, அதாவது மின்னேற்றத்தைத் தேக்குற பாகம், வச்சிருப்பாங்க, மின்சத்தத்தை அடக்குறதுக்கு, காதுக்குக் கேக்குற சத்தம் இல்ல, மின்சாரத்துல வர்ற நடுக்கம். எர்த் இருந்தா அந்தச் சத்தம் மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லைன்னா அது லெப்டொப் முழுக்க மிதக்கும், உலோக மூடி உள்ள லெப்டொப்பைத் தடவினா கையில விறுவிறுன்னு இருக்குமே அது இதுதான். பிக்கோபரட் கணக்கு பார்க்குற டச்பேடுக்கு இந்தச் சத்தத்துல விரல் எது பொய் எதுன்னு தெரியாமப் போயிடும்.

நம்ம லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, எர்த் எங்க இருக்கு? பழைய வயரிங், ஒரு ரூமுக்கு ஒரு பொயிண்ட், அதுல இருந்து எக்ஸ்டென்ஷன், அதுல இருந்து இன்னொன்னு. 13 அம்பியர் மூணு ஓட்டைப் பொயிண்டுல மேல் ஓட்டைக்குள்ள பேனா மூடியைக் குத்தி, கீழ் ஓட்டைங்களை மறைச்சிருக்குற தடுப்பைத் தெறந்து ரெண்டு பின் பிளக்கை ஏத்துற வித்தை நம்ம நாட்டுல சின்னப் புள்ளைக்கும் தெரியும். அந்த மேல் ஓட்டைதான் ஐயா எர்த். சில கட்டடத்துல மூணு ஓட்டையும் இருக்கும், பின்னால எர்த் வயர் எங்கயும் போயிருக்காது. ஒரு பாடசாலை லேப்ல போயி பார்த்தேன், பேர் வேணாம், ஒரே வரிசையில இருந்த லெப்டொப் எல்லாத்துலயும் அம்பு ஆடுது, புள்ளைங்க தங்களுக்குத்தான் வரலைன்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க. சார்ஜரைக் கழட்டச் சொன்னேன், எல்லாம் அடங்குச்சு. வயரிங்காரரைக் கூட்டிவந்து செம்புக்கம்பி அடிச்சு எர்த் எடுத்தாங்க, சரியாப் போச்சு. சாமானைத் தொட்டா விறுவிறுப்புக்கு மேல சுள்ளுன்னு அடிச்சா மட்டும் ஒடனே நிப்பாட்டிட்டு ஆளைக் கூப்பிடுங்க, அது வேற கோளாறு.

டவுனுக்கு வந்தாலும் இதே கதை. டோக்கன் எடுக்குறதுக்குத் தொடுதிரை வச்சிருக்காங்க, மழையில நனைஞ்சு வந்த பெரியவரு குத்து குத்துனு குத்துறாரு, பின்னால நிக்கிற பொடியன் சிரிக்கிறான், காவலுக்கு நிக்கிறவரு வந்து இவருக்குப் பதிலா தொட்டுக் குடுக்குறாரு. பேங்க் ஏடிஎம்ல இரும்புப் பட்டன் உள்ளது எவ்வளவோ பரவாயில்ல, 5ல ஒரு சின்னப் புள்ளி தட்டுப்படும், கண் தெரியாதவங்க அதைத் தடவித்தான் மத்த எண்ணைப் பிடிக்கிறாங்க. கீபோர்டுல எஃப், ஜே ரெண்டுலயும் கோடு இருக்குறதும் பார்க்காமலே விரலால எடம் பிடிக்கத்தான். கண்ணாடித் திரையில எதைத் தடவுறது? கைரேகை மெஷினைப் பத்தித் தனியா ஒரு கடிதமே எழுதணும், அதுல பலதும் இதே கொள்ளளவம் பார்க்குறதுதான், ரேகையோட மேடு பள்ளத்தை அளக்குது, மேடே தேஞ்சுபோன விரலை வச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்.

அதனால நன்கொடை குடுக்குற அமைப்புகளுக்கும் வெளிநாட்டுல இருந்து அனுப்புற நம்ம சொந்தங்களுக்கும், ஓடர் போடுற அதிகாரிங்களுக்கும் உங்க பத்திரிகை மூலமா ஒரு வேண்டுகோள். லெப்டொப் பத்து வாங்கினா மவுஸ் பத்து சேத்து வாங்குங்க, டெப்லெட் வாங்குறதா இருந்தா கூடவே ஒரு கீபோர்ட். வாங்குற காசுக் கணக்குல எர்த் பார்க்குற செலவையும் எழுதுங்க, லேப் தெறக்குற அன்னைக்கு ரிப்பன் வெட்டுறதுக்கு முந்தி ஒரு வயரிங்காரர் ஒவ்வொரு பொயிண்டையும் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும். பொது எடத்துல தொடுதிரை வைக்கிறவங்க பக்கத்துல அமுக்குற பட்டனும் ஒன்னு வைங்க, இது வயசானவங்களுக்கு மட்டும் இல்ல, கையில பிளாஸ்டர் ஒட்டினவங்களுக்கும் பயன்படும்.

மவுஸ் எடுக்கும்போது வயர் உள்ளதா எடுங்க. அடியில சின்ன லைட்டும் கெமராவும் இருக்கும், அது மேசையைத்தான் படம் பிடிக்கும், கையைப் பார்க்காது. கண்ணாடி மேசையில மட்டும் தடுமாறும், ஒரு பழைய கொப்பி மட்டையைக் கீழ போட்டா சரி. பெட்டரி போடுற மவுஸ் வேணாம், பெட்டரி முடிஞ்சா அதை வாங்க ஒரு ஆளு பஸ் ஏறி டவுனுக்கு வரணும்.

இப்படிக்கு,
ஹட்டனில் இருந்து கொம்பியூட்டர் திருத்துற ஒரு வாசகன்