வீதியோர நிழல்மரங்களை மீண்டும் நட்டுப் பராமரிக்கக் கோரும் மனு

பெறுநர்:
பணிப்பாளர்,
பூங்காக்கள் மற்றும் வீதி மரங்கள் பிரிவு,
நகரசபை.

ஐயா / அம்மணி,

2019 மே மாதம் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதையொட்டி வேகமாக வளர்ந்த சிட்னியின் வடமேற்குப் புறநகரொன்றில் வீடு வாங்கிக் குடியிருக்கும் குடும்பத்தினர் நாங்கள். எங்கள் வீதியில் மேற்குப் பார்த்த வீடுகளில் வசிக்கும் அயலவர்களின் ஒப்பங்களையும் சேர்த்து இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

எங்கள் காணி முந்நூறு சதுர மீற்றருக்குச் சற்றே கூடியது. இருமாடி வீடும் கராஜும் போக எஞ்சிய பின்வளவில் ஒரு கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் இடம் கிடைத்ததே பெரிய காரியம். கிளை விரிக்கும் மரமொன்றை அங்கே நட இயலாது. ஆகவே எங்கள் வீட்டுக்கு நிழல் வரவேண்டுமாயின், நடைபாதைக்கும் வீதிக்கும் இடையிலுள்ள, நகரசபைக்குச் சொந்தமான புற்றரையிலிருந்தே அது வரவேண்டும்.

2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் மேற்கிலுள்ள பென்றித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானதைத் தாங்கள் அறிவீர்கள். கடற்காற்று மேற்கே வந்து சேர்வதற்குள் தளர்ந்துவிடுகிறது. பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய தார்வீதியும் கொங்கிறீற்றும் கருஞ்சாம்பல் கூரைகளும் இரவில் அதை வெளிவிடுவதால், குளிரூட்டியை நிறுத்தினால் மேல்மாடியில் உறங்க முடிவதில்லை. கருங்கூரைகளைக் கட்டுப்படுத்த மாநில அரசு 2021இல் முன்வைத்த யோசனை மறு ஆண்டே கைவிடப்பட்டது. போட்ட கூரையை மாற்றும்படி இனி யாரைக் கேட்பது? பாடசாலை விட்டுப் பிள்ளைகள் நடந்து வரும் நேரத்தில் வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. வயதானவர்களோ கோடையில் பொழுது சாயும்வரை வாசலுக்கே வருவதில்லை.

குடியிருப்பை அமைத்த நிறுவனம் நட்ட கன்றுகள் நகரசபையின் பொறுப்புக்கு வந்தபின் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. நீர் ஊற்றாததை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. இப்பகுதி மண் களிமண். கட்டுமானக் காலத்தில் கனரக இயந்திரங்கள் ஏறி இறுகிய அடிமண்ணின்மேல் மெல்லிய மேல்மண்ணைப் பரப்பி, அதன்மேல் புல்லை விரித்துவிட்டார்கள். குழியை அகலமாக வெட்டி மண்ணைத் தளர்த்தாமல் நட்டால், மழைக்காலத்தில் நீர் தேங்கி வேர் அழுகும். கோடையில் அதே மண் வெடித்து வேர் காயும். இதைப்பற்றி முன்னர் அறிவித்தபோது, அடுத்த நடுகைத் திட்டத்தில் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. எந்த ஆண்டின் திட்டம் என்பது அதில் இல்லை.

எனவே, பட்டுப்போன கன்றுகளுக்குப் பதிலாக, வெயில் தணிந்து மண்ணில் சூடு எஞ்சியிருக்கும் வரும் இலையுதிர் காலத்திலேயே, மார்ச்சுக்கும் மேக்கும் இடையில், புதிய கன்றுகளை நட்டுத் தருமாறு வேண்டுகிறோம். மேற்குச் சிட்னி அமைந்துள்ள கம்பர்லாந்து சமவெளிக்குரிய பெரிய யூக்கலிப்டஸ் மரங்களை இவ்வளவு ஒடுங்கிய இடத்தில் நாங்கள் கேட்கவில்லை. நிலத்தடிக் குழாய்களையும் மின்கம்பிகளையும் பார்த்து இனத்தைத் தங்கள் மரவியல் அலுவலரே தெரிவுசெய்யட்டும். ஆனால் அது இடுப்பளவு அலங்காரச் செடியாக அல்லாமல், நடைபாதைமீது நிழல் விழுத்தும் மரமாக இருக்கவேண்டும். முதல் இரு கோடைகளுக்கும் நீர் ஊற்றுவதை ஒப்பந்தத்திலேயே சேர்க்குமாறும் கேட்கிறோம். தத்தம் வாசலிலுள்ள கன்றுக்கு இடையிடையே நீர் ஊற்ற, ஒப்பமிட்டவர்கள் அனைவரும் உடன்பட்டுள்ளனர்.

கோடை முடியுமுன் ஒரு பிற்பகலில் அலுவலர் ஒருவரை அனுப்பி எங்கள் வீதியைப் பார்வையிடச் செய்து, நடுகை நிகழும் மாதத்தையும் ஆண்டையும் எழுத்தில் அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வீதிக் குடியிருப்பாளர்கள்
(ஒப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)