புதுக் காரின் செராமிக் பூச்சில் வேலைக் குறைபாடு: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஈப்போ கிளை

ஐயா / அம்மா,

வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். புதுக் கார் எடுத்த கையோடு உங்கள் கிளையில் 1,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, பெயிண்டைக் காக்கும் செராமிக் பூச்சு போட்டேன். ரசீது, 5 ஆண்டு உத்தரவாத அட்டை, படங்கள் எல்லாம் இணைத்துள்ளேன். இப்போது பானெட்டிலும் கூரையிலும் வட்ட வட்டமாக நீர்க்கறை. ஓட்டுநர் பக்கக் கதவில் எண்ணெய் தடவியது போல மினுக்கும் திட்டுகள். கறுப்புக் கார் வேறு, மறைக்கவா முடியும்?

கிளைக்குக் கொண்டு வந்து காட்டினேன். "அண்ணே, உங்க பக்கம் தோட்டம். பறவை எச்சம், ஆலைப் புகை, வெயில், மழை. இதெல்லாம் உத்தரவாதத்துல வராது" என்றார் அங்கிருந்த தம்பி. வேண்டுமானால் 600 வெள்ளிக்கு மறுபடி பாலிஷ் போடலாமாம். நான் எந்த ஊர் என்பது படிவத்தில் எழுதிக் கொடுத்ததுதானே? பணம் வாங்கும்போது தோட்டம் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

சரி, கறைக்கு வருவோம். பறவை எச்சத்தின் அமிலம் எந்தப் பூச்சையும் அரிக்கும், விழுந்தவுடன் துடைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் பாட்டிலும் மைக்ரோஃபைபர் துணியும் காரிலேயே இருக்கின்றன. ஆனால் எச்சம் செங்குத்தான கதவில், கை துடைத்த வளைவிலேயே வரிவரியாக விழாது. கதவில் இருக்கும் அந்தத் திட்டுகள், பூச்சைத் தடவிவிட்டு, உரிய நேரத்தில் துடைத்தெடுக்காமல் விட்ட மிச்சம். சூட்டிலும் ஈரக்காற்றிலும் பூச்சு இறுகும் நேரம் மாறும். அதைப் பார்த்துச் சிறு சிறு பகுதியாகத் தடவித் துடைக்க வேண்டும். உங்கள் பட்டறையிலோ, பக்கம் திறந்த கொட்டகையில், விசிறிக் காற்றில் வேலை நடந்தது. நானே பார்த்தேன்.

அப்புறம் மழை. முதல் ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது, முழுதாக இறுக ஒரு வாரம் வரை ஆகலாம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. நீங்கள் பூச்சு போட்ட அன்று மாலையே சாவியைக் கையில் கொடுத்தீர்கள். இப்படி ஒரு விஷயம் இருப்பதாக யாரும் வாய் திறக்கவில்லை. பேராக்கில் சாயங்கால மழை என்ன அதிசயமா? வீடு சேருமுன் கொட்டித் தீர்த்தது. பானெட்டிலும் கூரையிலும் நீர்க்கறை வந்தது அதனால்தான். சொல்லியிருந்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருப்பேன்.

600 வெள்ளி பாலிஷை நான் ஏற்காததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வொரு பாலிஷும் அதைக் கொஞ்சம் தின்றுவிடும். உங்கள் வேலையைத் திருத்த என் புதுக் காரின் பெயிண்ட் தேய வேண்டுமா?

ஆகவே, முதலில் என் கண்முன் கருவி வைத்து பெயிண்டின் தடிமனை அளந்து எழுதித் தாருங்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவர், மூடிய, குளிரூட்டிய அறையில், தேவையான அளவு மட்டும் தேய்த்து, பூச்சை இலவசமாக மறுபடி போட வேண்டும். இறுகும் வரை கார் உங்களிடமே இருக்கட்டும். உத்தரவாதமும் அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். முடியாது என்றால் 1,800 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வேண்டும். வாட்ஸ்அப் குரல் செய்தி வேண்டாம். பதில் வராவிட்டால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன். அங்கே மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞரும் தேவையில்லை.

காரைக் கொண்டு வர எனக்குச் சனிக்கிழமை காலை தோதுப்படும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்