பாதி அளவு மருந்து

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் சைக்கிளிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்ததைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருக்கிறாய். மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று அன்றிரவு நீங்கள் இருவரும் போட்ட சண்டைதான் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. மருந்தாளராக இருக்கும் தோழி யார் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தானே எழுதினாய்? கொடுக்கலாம் என்ற உன் பக்கம்தான். ஆனால் முழுவதும் இல்லை.

"வலிக்கு ஏதாவது கொடுத்துவிட்டால் டாக்டருக்கு எங்கே அடி என்று எப்படித் தெரியும்?" என்று உன் வீட்டுக்காரர் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் கவுன்டருக்கு வரும் அப்பாக்களும் அம்மாக்களும் இதையேதான் கேட்கிறார்கள். முறிவு எக்ஸ்ரேயில் தெரியும், வீக்கமோ கோணலோ பாரசிட்டமாலுக்கு மறையாது. வயிற்று வலியில்கூட ஒரு காலத்தில் மருத்துவர்களே பரிசோதனை முடியும்வரை வலி மருந்தைத் தள்ளிப்போட்டார்கள். பிறகு ஆய்வு செய்து பார்த்தபோது, மருந்து கொடுத்ததால் நோயைத் தவறாகக் கணிப்பது கூடவில்லை என்று தெரிந்தது. யோசித்துப் பார், வலியில் விறைத்திருக்கும் குழந்தையின் கையை எக்ஸ்ரே மேஜையில் திருப்பி வைப்பதற்குள் எல்லோருக்கும் உயிர் போய்விடும். கொஞ்சம் தணிந்திருந்தால் அவளே நீட்டுவாள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும்.

"அவள் அழவே இல்லை, அதனால்தான் கொடுக்கவில்லை" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய் பார், எனக்கு உறுத்தியது அதுதான். அடிபட்ட கையை இன்னொரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரும் பக்கத்தில் வந்துவிடுவார்களோ என்று கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அசைந்தால் வலிக்கும் என்பதால்தான் அந்த அமைதி. ஊசிக்குப் பயந்து "வலிக்கலை" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவள் வயதுப் பிள்ளைகளிடம் நேராகக் கேட்கலாம். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை வரிசையாக வரைந்த படத்தைக் காட்டி "உனக்கு எது?" என்று கேட்பதுதான் ஆஸ்பத்திரி வழக்கம். பேசத் தெரியாத குழந்தை என்றால் முகம், கால் உதறல், அழுகை, தூக்கினால் சமாதானமாகிறதா என்று பார்ப்பார்கள். பெற்றோரோ பெரும்பாலும் தங்கள் பயத்தைத்தான் அளக்கிறார்கள், பிள்ளையின் வலியை அல்ல. பெற்றோரை மட்டும் சொல்வானேன்! 1980கள்வரைக்கும் பச்சிளம் குழந்தைகளுக்குப் பெரியவர்களைப் போல வலி தெரியாது என்று நம்பி, மிகக் குறைந்த மயக்க மருந்தோடு அறுவைசிகிச்சை செய்த மருத்துவர்கள் இருந்தார்கள்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். "பயமாக இருந்ததால் பாதி அளவு கொடுத்தேன்" என்கிறாய். இது கவுன்டரில் நான் அடிக்கடி கேட்கும் பாட்டு. பாதி கொடுத்தால் வலி சரியாகக் குறையாது. உடனே "இந்த மருந்து கேட்கவில்லை" என்று வேறொன்றைத் தேடி ஓடுவீர்கள். அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து. பாரசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இன்னொரு வலி மருந்தான இபுப்ரோஃபென் கிலோவுக்கு 5 முதல் 10. அவள் 20 கிலோ என்றால் பாரசிட்டமால் ஒரு வேளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். முதலாவதற்கு 4 முதல் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். இரண்டாவதற்கு 6 முதல் 8 மணி நேரம். எலும்பு, தசை அடிகளில் இபுப்ரோஃபென் பாரசிட்டமாலைவிட நன்றாக வேலை செய்வதாக ஆய்வுகள் உண்டு. முறிந்த எலும்பு கூடுவதை அது தடுக்கும் என்று யாராவது பயமுறுத்தினால், பிள்ளைகளின் சாதாரண முறிவுகளில் அப்படி நடப்பதாகத் தெரியவில்லை என்று சொல். ஆனால் வாந்தி எடுத்து நீர் வற்றிய குழந்தைக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஆஸ்துமா இருந்து முன்பு அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

தவறு நடப்பது பெரும்பாலும் பாட்டிலில்தான். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் இருக்கும் மருந்து சிரப்பில் இருப்பதைவிட மிக அதிகம். சிரப்பிலேயே இரண்டு வலிமைகள் இருக்கும். லேபிளைப் படித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் இழுத்து அளந்து கொடு, சமையலறைக் கரண்டியில் வேண்டாம். சளி மருந்திலும் பாரசிட்டமால் கலந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆபத்து. ஆஸ்பிரின் பக்கமே போகாதே. பெரியவர்களுக்கு எழுதிக்கொடுத்து மிச்சமிருக்கும் கோடீன், டிராமடால் போன்ற வீரியமான வலி மாத்திரைகளும் கூடாது. சிலருடைய உடல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சே நின்றுபோகலாம். அதனால்தான் 2017ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது கூடாது என்று சொல்லிவிட்டது.

மாவுக்கட்டு போட்ட பிறகு முதல் இரண்டு மூன்று நாள்தான் கடினம். அந்த நாட்களில் அழும்வரை காத்திருக்காமல் நேரம் பார்த்துக் கொடுத்துவிடு, முக்கியமாகப் படுக்கப்போகும் முன். கையைத் தலையணைமேல் உயர்த்தி வை. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் பிள்ளைகள் இன்னும் பயப்படும், கதை சொன்னால் பலன் அதிகம். ஆனால் சரியான அளவு கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் வெளுத்து, மரத்து, நீட்டினாலே அலறினாலோ, மருந்தைக் கூட்டாதே. நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு, கட்டுக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம்.

என் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மூத்தவன் வேலையில் சேர்ந்துவிட்டான், வாரம் ஒரு தடவை போனில் சண்டை போடுகிறோம். எனக்கு முழங்கால் வலி, நானும் உன்னைப் போல மாத்திரையைப் பாதியாக உடைக்கிற ஆள்தான், என்ன செய்ய! உன் வீட்டுக்காரருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு, கடைசிப் பத்தியை மட்டும் மடித்து மறைத்துக்கொள். அப்புறம், சின்னவளின் எடையைச் சரியாகப் பார்த்து எழுதி அனுப்பு, அளவைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் வசந்தி